கோட்டுக்கு வெளியே ஐந்து விநாடி

கூகுள் பண்ணாம மூணு கேள்விக்கு பதில் சொல்லுங்க பார்ப்போம்.

ஒண்ணு: நீங்க சைடு லைனுக்கு வெளியே நின்னு த்ரோ-இன் போடப் போறீங்க. பந்து இன்னும் கையிலதான் இருக்கு. ஷூ நுனி கோட்டை மிதிச்சிருக்கு. விசில் வருமா? ரெண்டு: உங்களுக்கு முன்னால ஒரு டிஃபெண்டர் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். அவர் முதுகுல பந்தை லேசா தட்டி, உள்ளே குதிச்சு, நீங்களே பிடிச்சு லே-அப் போடறீங்க. பாயிண்ட் உண்டா? மூணு: உங்க டீம் காக்கற பேஸ்கட்டுக்குப் பக்கத்துல எண்ட் லைன்ல நின்னு, நீளமா ஒரு பாஸ் வீசறீங்க. யார் மேலயும் படாம அது அந்தப் பக்க எண்ட் லைனைத் தாண்டிப் போயிடுது. எதிர் டீமுக்குப் பந்தை எங்க கொடுப்பாங்க?

பதில்கள்: விசில் வராது. பாயிண்ட் உண்டு. நீங்க எங்க நின்னு வீசினீங்களோ அதே இடத்துல, அதாவது உங்க பேஸ்கட்டுக்குப் பக்கத்துலயே கொடுப்பாங்க.

மூணும் சரின்னா நீங்க இந்தக் கட்டுரையைத் தாண்டி அடுத்த பக்கம் போகலாம். ஆனா டிபார்ட்மெண்ட் லீக்ல ரெண்டு வருஷமா ஸ்கோரர் டேபிள்ல உட்கார்ந்து பார்த்த அனுபவத்துல சொல்றேன், அப்படிப் போறவங்க ரொம்பக் குறைவா இருப்பாங்க. ஷாட் போனதா, ஃபவுலா இல்லையான்னு வர்ற சண்டை ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். த்ரோ-இன்ல வர்ற சண்டை மெஸ் வரைக்கும் வரும். காரணம் சிம்பிள். நாம பாஸ்கெட்பால் பார்க்கறது யூடியூப்ல, என்பிஏ கிளிப்ல. ஆனா நம்ம ஊர்ல ரெஃபரி ஊதறது ஃபிபா விதிப்படி (கால்பந்தோட ஃபிஃபா வேற, இது வேற). ரெண்டுக்கும் அதிகமா வித்தியாசம் இருக்கற இடங்கள்ல ஒண்ணு இந்த த்ரோ-இன். மத்தவங்க தண்ணி குடிக்கற அந்த அஞ்சு செகண்ட்.

ஃபிபா விதிப் புத்தகத்துல 17-வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. அது ரெண்டு, மூணு பக்கம்தான். ஆனா புத்தகத்தோட சேர்த்து 'அதிகாரபூர்வ விளக்கங்கள்'னு தனியா ஒரு ஆவணம் வெளியிடுவாங்க. அதுதான் சுவாரசியம். "ஏ டீம் ஆட்டக்காரர் இப்படிச் செய்கிறார், பி டீம் ஆட்டக்காரர் அப்படிச் செய்கிறார், என்ன முடிவு?"ன்னு வரிசையா சூழ்நிலைகள். நம்ம பாஷையில சொன்னா டெஸ்ட் கேஸ். ரெஃபரிகள் படிக்கறது இதைத்தான். வித்தியாசமான ஒரு விஷயம் கோர்ட்ல நடந்தா அவங்க அந்த நொடியில புதுசா யோசிச்சு முடிவு எடுக்கறதில்ல, இந்தக் கேஸ்கள்ல எதோட ஒத்துப்போகுதுன்னு பார்க்கறாங்க.

அந்தக் கேஸ்களைத் தொடர்ந்து படிச்சா, எல்லாத்துக்கும் அடியில ஒரே ஒரு கேள்வி இருக்கறது தெரியும்: த்ரோ-இன் முடிஞ்சுதா இல்லையா?

ரெஃபரி பந்தை வெளியே நிக்கறவர் கையில கொடுத்த உடனே பந்து 'லைவ்' ஆயிடுது. அந்த டீம் கையில பந்து இருக்கறதாக் கணக்கு. அஞ்சு செகண்ட் எண்ணிக்கை ஓடுது. யாரையாவது தள்ளினா ஃபவுல். ஆனா மேட்ச் கடிகாரம் ஓடல. கோர்ட்டுக்கு உள்ளே இருக்கற ஒரு ஆட்டக்காரர் மேல பந்து படற நொடியிலதான் அது ஓட ஆரம்பிக்கும். பந்து கோட்டைத் தாண்டினா போதாது, தரையில பட்டாலும் போதாது. லேப்டாப் பூட் ஆகற நேரம் மாதிரின்னு வெச்சுக்கலாம். கரண்ட் இருக்கு, ஃபேன் சுத்துது, ஆனா உங்க வேலை எதுவும் இன்னும் தொடங்கல. இந்த அரைகுறை நிலைக்குள்ள என்னென்ன செய்யலாம்ங்கறதுதான் த்ரோ-இன் விதி மொத்தமும்.

இப்போ அந்த ஷூ நுனியை எடுத்துக்குவோம். எல்லைக் கோடு கோர்ட்டோட பகுதி இல்ல. அது 'வெளியே'. அதனாலதான் டிரிபிள் பண்ணிக்கிட்டு வர்றவர் கோட்டை மிதிச்சா அவுட். அதே காரணத்தால த்ரோ-இன் போடறவர் கோட்டை மிதிச்சா தப்பே இல்ல, ஏன்னா அவர் இன்னும் வெளியேதான் இருக்கார். கோட்டைத் தாண்டி உள்பக்கத் தரையில பந்தோட கால் வெச்சாத்தான் வயலேஷன். ஒரே கோடு, ஒரே கால், ரெண்டு தீர்ப்பு. "ரெஃபரி, லைனு, லைனு!"ன்னு கேலரியில இருந்து கத்தறவங்க தயவுசெஞ்சு இதை நோட் பண்ணிக்கங்க.

முதுகு விஷயமும் இதே தர்க்கம்தான். த்ரோ-இன் போடறவர், கோர்ட்டுக்குள்ள வேற ஒருத்தர் மேல படறதுக்கு முன்னாடி பந்தைத் தானே தொடக் கூடாது. 'வேற ஒருத்தர்'னுதான் விதி சொல்லுது, சக ஆட்டக்காரர்னு சொல்லல. டிஃபெண்டரோட முதுகு போதும். அது பட்ட நொடியில த்ரோ-இன் முடிஞ்சது, கடிகாரம் ஓடுது, நீங்க உள்ளே கால் வெச்சிட்டா மத்த ஒன்பது பேர் மாதிரி நீங்களும் ஒரு ஆட்டக்காரர். ஒரே ஒரு எச்சரிக்கை: லேசா தட்டறது வேற, கடுப்புல முகத்தைப் பார்த்து எறியறது வேற. ரெண்டாவது வகைக்கு ரெஃபரி வேற பிரிவைத் திறப்பார்.

மூணாவது கேள்விதான் என்னோட ஃபேவரிட். கோர்ட் நீளம் 28 மீட்டர். ஒரு முனையிலிருந்து வீசின பந்து யாரும் தொடாம மறுமுனையில வெளியே போச்சுன்னா, த்ரோ-இன் முடியவே இல்லைன்னு அர்த்தம். முடியாத ஒரு விஷயத்துல தப்பு நடந்தா, அது தொடங்கின இடத்துக்கே போகணும். அதனால எதிர் டீமுக்கு உங்க பேஸ்கட்டுக்குப் பக்கத்துலயே பந்து. இப்போ அதே பாஸ்ல உங்க டீம் ஆளோட விரல் நுனி பட்டுச்சுன்னு வைங்க. த்ரோ-இன் முடிஞ்சது, பந்தை வெளியே அனுப்பினது அவர், எதிர் டீமுக்குப் பந்து மறுமுனையில, அதாவது அவங்க 28 மீட்டர் கடந்து வரணும். பட்டது டிஃபெண்டர் விரல்னா? அந்த முனையிலேயே உங்களுக்குப் பந்து. ஒரு விரல் நுனி பட்டுதா, யார் விரல்ங்கறதுல மூணு வெவ்வேறு ஆட்டங்கள் ஒளிஞ்சிருக்கு. கடிகாரமும் அதைப் பொறுத்துதான், பட்டிருந்தா ஓடணும், படலன்னா ஓடக் கூடாது. கடைசி ரெண்டு செகண்ட்ல இது நடந்தா ரெஃபரிகள் ரெண்டு பேரும் ஓடி வந்து காதுல பேசிக்கறது ஏன்னு புரியுதா?

நேரா பேஸ்கட்டுக்குள்ளயே த்ரோ-இன் விழுந்தா? பாயிண்ட் கிடையாது, வயலேஷன், பந்து எதிர் டீமுக்கு. வழியில ஒருத்தர் மேல பட்டு விழுந்தா பாயிண்ட் உண்டு. ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவுல போய்ச் சிக்கிக்கிட்டா ஜம்ப் பால் சூழ்நிலை, டேபிள்ல இருக்கற அம்புக்குறி யார் பக்கம் காட்டுதோ அவங்களுக்குப் பந்து.

நகரலாமா, கூடாதா?

த்ரோ-இன்ல ரெண்டு வகை இருக்கு. இதைத் தெரிஞ்சுக்காததாலதான் பாதி கூச்சல்.

பேஸ்கட் விழுந்த பிறகு எண்ட் லைன்ல இருந்து போடறது ஒரு வகை. இதுல சுதந்திரம் அதிகம். எண்ட் லைனுக்குப் பின்னாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஓடலாம். வெளியே நிக்கற இன்னொரு சக ஆட்டக்காரருக்கே பாஸ் கொடுத்து, அவரைப் போடச் சொல்லலாம். ஆனா ஆள் மாறினா அஞ்சு செகண்ட் புதுசா ஆரம்பிக்காது, முதல் ஆள் கையில வந்ததிலிருந்தே கணக்கு. பேஸ்கட் விழுந்து டைம்-அவுட் எடுத்து, திரும்ப வந்து ரெஃபரி கையில பந்தைக் கொடுத்தாலும் இந்தச் சுதந்திரம் போகாது. "ரெஃபரி கையில கொடுத்துட்டார்ல, அப்போ நகரக் கூடாது"ன்னு வாதாடற சீனியர்கள் எல்லாக் காலேஜ்லயும் உண்டு.

மத்த எல்லா த்ரோ-இன்னும் ரெண்டாவது வகை. ரெஃபரி காட்டின இடத்துல நிக்கணும். பக்கவாட்டுல, ரெண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் ஒரு மீட்டர்தான் நகரலாம். பின்னாடி மட்டும் எவ்வளவு வேணாப் போகலாம், இடம் இருக்கற வரைக்கும். இந்த வகையில வெளியே நிக்கற நண்பன் கையில பந்தைக் கொடுத்தாலோ, தரையில வெச்சு அவன் எடுத்தாலோ வயலேஷன். யாரோட வயலேஷன்? கொடுத்தவருடையது இல்ல, வாங்கினவருடையது. பந்து கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி போடறவரைத் தவிர யாரோட உடம்பும் கோட்டுக்கு வெளியே இருக்கக் கூடாதுங்கறது விதி. 'வாங்கறதுக்கு' வெளியே வந்ததே தப்பு.

இதே வாக்கியம்தான் டிஃபெண்டருக்கும் பொருந்தும், அங்கதான் பெரிய பஞ்சாயத்து. கோட்டுக்கு மேல ஒரு கண்ணாடிச் சுவர் எழும்பி நிக்கறதா நினைச்சுக்கங்க. டிஃபெண்டர் அந்தச் சுவருக்கு உள்பக்கம் எவ்வளவு வேணாக் கையை ஆட்டலாம், குதிக்கலாம். சுவரைத் தாண்டி கை வெளியே போகக் கூடாது. சரி, பந்து வெச்சிருக்கறவரே கையை நீட்டி, பந்து சுவரைத் தாண்டி உள்ளே வந்துட்டா? இப்போ டிஃபெண்டர் தன் எல்லைக்குள்ள இருந்தே, உடம்புல படாம, பந்தை மட்டும் பிடுங்கினா?

அமெரிக்க ஹைஸ்கூல் விதியில இது செல்லும். நீ என் பக்கம் நீட்டினே, நான் எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான். ஃபிபா விளக்கம் நேர் எதிர். வீசற அசைவுல கை இயல்பா கோட்டைத் தாண்டத்தான் செய்யும்; பந்து கையை விட்டுப் போகற வரைக்கும் அதைத் தொடாம இருக்கறது டிஃபெண்டரோட பொறுப்பு. அதனால அது ஆட்டத்தைத் தாமதப்படுத்தறது. முதல் தடவை அவருக்கும் அவர் கோச்சுக்கும் எச்சரிக்கை, அது டீம் மொத்தத்துக்கும் பொருந்தும். அடுத்து யார் செஞ்சாலும் டெக்னிக்கல் ஃபவுல் வரலாம். எனக்கு அமெரிக்க விதி பார்க்க நியாயமாத் தோணுது. ஆனா விசில் ஊதறவர் இடத்துல நின்னு யோசிச்சா ஃபிபாவோடது ஈஸி. பந்து அந்த நொடியில கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு அளக்க வேண்டாம். கையில இருக்கா, கையை விட்டுப் போயிடுச்சா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.

எனக்கு ஒட்டாத ஒரு விளக்கமும் இருக்கு. உங்க டீம் த்ரோ-இன். உங்க ஆள் ஃப்ரண்ட் கோர்ட்ல இருந்து குதிச்சு, காத்துலயே பந்தைப் பிடிச்சு, ஹாஃப் லைனுக்குப் பின்னாடி பேக் கோர்ட்ல இறங்கறார். வயலேஷன், பந்தைப் பின்னாடி கொண்டுபோயிட்டார். அதே த்ரோ-இன்ல எதிர் டீம் ஆள், அவரோட ஃப்ரண்ட் கோர்ட்ல இருந்து அதே மாதிரி குதிச்சு, பிடிச்சு, அவரோட பேக் கோர்ட்ல இறங்கினா செல்லும். ஏன் இந்தப் பாகுபாடு? த்ரோ-இன் போடற டீம் கையில பந்து ஏற்கனவே இருக்கறதாக் கணக்குன்னு மேல சொன்னேன் இல்லையா. காத்துல பிடிக்கறவருக்கு விதி கொடுக்கற சலுகை, காத்துல இருக்கும்போது புதுசா பந்தைக் கைப்பற்றினவருக்கு மட்டும். பறிச்சவருக்கு அது புதுசு. உங்க ஆளுக்கு அது பழைய சொத்து. தர்க்கம் சரிதான், ஆனா கேலரிக்கு இதை எப்படிப் புரிய வைக்கறது?

டைம்-அவுட்ல அடி வாங்கறதும் என்பிஏ ரசிகர்கள்தான். அங்க த்ரோ-இன் போடறவருக்கு ஆள் கிடைக்கலன்னா, அஞ்சு செகண்ட் முடியறதுக்குள்ள அவரே டைம்-அவுட் கேட்டுத் தப்பிச்சுக்கலாம். ஃபிபாவுல ஆட்டக்காரர் டைம்-அவுட் கேட்கவே முடியாது, கோச்தான் டேபிள்ல கேட்கணும். அதுவும் பந்து கையில கொடுத்த நொடியிலேயே அந்த வாய்ப்பு மூடிடும். கையால 'டி' காட்டிக்கிட்டே நாலு, அஞ்சுன்னு எண்ணி முடிக்கறதை நான் எத்தனையோ தடவை டேபிள்ல இருந்து பார்த்திருக்கேன். பாவமாத்தான் இருக்கும்.

பத்தில் மூணு பங்கு

1990 ஜனவரி 15, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நிக்ஸ், புல்ஸ், ஸ்கோர் சமம், மிச்சம் 0.1 விநாடி. த்ரோ-இன் வந்துது, நிக்ஸ் டீமோட ட்ரென்ட் டக்கர் பிடிச்சார், திரும்பினார், த்ரீ-பாயிண்டர் போட்டார், உள்ளே விழுந்துச்சு, செல்லும்னு சொல்லிட்டாங்க. பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள்ள பிடிச்சுத் திரும்பி எறியறது மனுஷ உடம்பால முடியாது. கடிகாரத்தை ஓட்டறவர் பட்டனை அழுத்தறதுக்கு ஆன நேரத்துலதான் அந்த ஷாட் பிறந்தது. அடுத்த சீசன்லயே என்பிஏ விதி கொண்டு வந்துது: 0.3 விநாடிக்குக் குறைவா மிச்சம் இருந்தா, த்ரோ-இன்னைப் பிடிச்சு ஷாட் போட முடியாது, காத்துலயே தட்டி விடலாம், அவ்வளவுதான். அதுக்கு ட்ரென்ட் டக்கர் விதின்னே பேர்.

2004 மே 13-ல சான் அன்டோனியோவுல லேக்கர்ஸ் டீமோட டெரெக் ஃபிஷர் பிடிச்சுத் திரும்பி ஷாட் போட்டு 74-73-ன்னு ஜெயிச்ச கிளிப் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அப்போ மிச்சம் இருந்தது 0.4. அந்த விதிக்கு 0.1 தள்ளி. அவ்வளவு நெருக்கம்.

ஃபிபாவுலயும் கோடு அதே இடத்துலதான் இருக்கு. 0.3 இருந்தா பிடிச்சு ஷாட் போடலாம். 0.2, 0.1-னா தட்டறது அல்லது நேரடி டங்க் மட்டும். இன்டர் காலேஜ் மேட்ச்ல இது நடக்குமான்னு கேட்டா, நம்ம பல கிரவுண்டுகள்ல கடிகாரம் டெசிமலே காட்டாது. இருந்தாலும் தெரிஞ்சு வைங்க.

மூன்று தடவை போடப்பட்ட த்ரோ-இன்

த்ரோ-இன் ஒரு மேட்சை எந்த அளவுக்குக் கவிழ்க்கும்னு பார்க்கணும்னா 1972 மியூனிக் ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போகணும். அமெரிக்கா, சோவியத் யூனியன். 1936-ல ஒலிம்பிக்ல பாஸ்கெட்பால் சேர்ந்ததிலிருந்து அமெரிக்கா ஒரு மேட்ச் கூடத் தோத்ததில்ல, அதுவரை 63 வெற்றி. அமெரிக்க டிவி நேரத்துக்காக மேட்சை ராத்திரி 11.45-க்கு வெச்சாங்க. கடைசி வரைக்கும் சோவியத் முன்னிலை. மூணு செகண்ட் மிச்சம் இருக்கும்போது டக் காலின்ஸ் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். 50-49, அமெரிக்கா முன்னிலை.

முதல் த்ரோ-இன். சோவியத் உள்ளே போட்டுது, ஆனா டேபிள் பக்கம் ஒரே களேபரம், சோவியத் கோச்சிங் டீம் டைம்-அவுட் கேட்டோம், கொடுக்கலன்னு நிக்குது. ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தினார், கடிகாரத்துல ஒரு செகண்ட். அப்போ ஃபிபா செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, மூணு செகண்டையும் திருப்பி வைக்கச் சொன்னார். மேட்ச் நடக்கும்போது அப்படி உத்தரவு போட அவருக்கு அதிகாரமே இல்லைங்கறது அமெரிக்கத் தரப்போட வாதம். ரெண்டாவது த்ரோ-இன். கடிகாரத்தைத் திருப்பி வைக்கற வேலை முடியறதுக்குள்ளயே ரெஃபரி பந்தைக் கொடுத்துட்டார். ஹார்ன் அடிச்சுது, அமெரிக்கர்கள் கோர்ட்ல குதிச்சாங்க. இல்ல, கடிகாரம் தப்பு, மறுபடியும்னு சொன்னாங்க.

மூணாவது த்ரோ-இன். போடறவர் இவான் எடெஷ்கோ. அவர் முன்னால கையை விரிச்சு நிக்கறவர் டாம் மெக்மில்லன், கிட்டத்தட்ட ஏழடி உயரம். பல்கேரிய ரெஃபரி ஆர்டெனிக் அரபாஜியன் மெக்மில்லனைப் பார்த்து கையால ஒரு சைகை காட்டினார். கோட்டைத் தாண்டாதேன்னு சொன்னாரா, பின்னாடி போன்னு சொன்னாரா? மெக்மில்லன் ரெண்டாவதா எடுத்துக்கிட்டு பின்வாங்கினார். எடெஷ்கோ முன்னால வெறும் காத்து. கோர்ட் முழுக்கத் தாண்டி ஒரு பாஸ், அந்தப் பக்கம் அலெக்சாண்டர் பெலோவ் பிடிச்சு, லே-அப். 51-50.

பிரேசில் ரெஃபரி ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்காவோட அப்பீல் 3-2-ன்னு தோத்துது. அமெரிக்க டீம் வெள்ளி மெடல் வாங்க மேடைக்கே வரல, பின்னாடியும் வாங்கிக்கல.

இதை எல்லாரும் பனிப்போர் கதையாத்தான் சொல்லுவாங்க, சதி, அரசியல் எல்லாம் வரும். நான் ஸ்கோரர் டேபிள்ல உட்கார்றவன், எனக்கு இதுல தெரியறது வேற. மூணு த்ரோ-இன்லயும் சிக்கல் வந்த இடம் பாருங்க. முதல்ல, டைம்-அவுட் வாய்ப்பு எப்போ மூடுது? அடுத்தது, கடிகாரம் தயாராகாம பந்தைக் கையில கொடுக்கலாமா? கடைசியா, கோட்டுக்கு முன்னால நிக்கற டிஃபெண்டர்கிட்ட ரெஃபரி என்ன சொல்லணும், எப்படிச் சொல்லணும்? பந்து உள்ளே ஒருத்தர் மேல படறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்க வேண்டிய வேலைகள் இதெல்லாம்.

இன்னிக்கு விதியில அந்தச் சைகைக்கு ஒரு நிலையான வடிவம் இருக்கு. நாலாவது குவார்ட்டர்லயும் ஓவர் டைம்லயும் கடைசி ரெண்டு நிமிஷத்துல த்ரோ-இன் வந்தா, பந்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெஃபரி 'கோட்டைத் தாண்டாதே'ங்கற குறிப்பிட்ட சிக்னலைக் காட்டணும். அதுவே எச்சரிக்கை. அதுக்கப்புறம் டிஃபெண்டரோட கை கோட்டைத் தாண்டி த்ரோ-இன்னைத் தடுத்தா, வாய் வார்த்தை கிடையாது, நேரா டெக்னிக்கல் ஃபவுல். ஒரு ஃப்ரீ த்ரோ, அப்புறம் அதே டீமுக்கு மறுபடியும் த்ரோ-இன்.

அதே ரெண்டு நிமிஷத்துல இன்னொரு பழைய தந்திரமும் இருந்துது. பின்னாடி இருக்கற டீம், பந்து உள்ளே வர்றதுக்கு முன்னாடியே எதிர் ஆளைப் பிடிச்சு இழுத்து ஃபவுல் பண்ணும். ஏன்? கடிகாரம் ஓடல, ஒரு செகண்ட் கூட செலவு இல்லாம எதிர் டீமை ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பி, பந்தைத் திரும்ப வாங்கிடலாம்னு. ஃபிபாவுல இதை அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல்னு ஊதுவாங்க, ரெண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் போயிடும். சாதாரணமா கையைப் பிடிச்சதுக்கு இது கொஞ்சம் ஓவர்னு பலருக்குத் தோணுச்சு, ரெஃபரிகளுக்கும் ஊதத் தயக்கம் வரும். 2022 அக்டோபர்ல இருந்து 'த்ரோ-இன் ஃபவுல்'னு தனியா ஒண்ணு வந்துது: ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவங்களுக்கே. டீம் ஃபவுல் எத்தனைன்னு பார்க்க வேண்டியதில்ல. நல்ல மாத்தம்னு நினைக்கறேன். தந்திரத்தோட லாபம் போச்சு, தண்டனையும் அளவா இருக்கு.

ஆனா இதை ஊத ரெஃபரிக்கு ரெண்டு ஜோடி கண்ணு வேணும். பந்து ரெஃபரி கையிலயோ, போடறவர் கையிலயோ இருக்கும்போது நடந்தாத்தான் த்ரோ-இன் ஃபவுல். கையை விட்டுப் போனப்புறம் அதே இழுப்பு சாதாரண ஃபவுல். சைடு லைன்ல ஒரு கை பந்தை விடறதையும், பதினஞ்சு அடி தள்ளி இன்னொரு கை ஜெர்சியை இழுக்கறதையும் ஒரே நேரத்துல ஒப்பிடணும். நம்ம மேட்ச்கள்ல பெரும்பாலும் ரெண்டே ரெஃபரி. ஒருத்தர் பந்தை, ஒருத்தர் கூட்டத்தைப் பார்க்கறாங்க. விசில் வந்த உடனே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறதைத் 'தடுமாறறாங்க'ன்னு கிண்டல் பண்ணாதீங்க. "உன் பக்கம் கையை விட்டாச்சா?"ன்னு கேட்டுக்கறாங்க.

கடைசியா நம்ம ஊர் கோர்ட்டுக்குன்னே எழுதின மாதிரி ஒரு விதி. கோட்டுக்கும் அதுக்குப் பின்னாடி இருக்கற தடைக்கும், அது சுவரோ வேலியோ, நடுவுல ரெண்டு மீட்டருக்குக் குறைவா இடம் இருந்தா, த்ரோ-இன் போடறவருக்கு ஒரு மீட்டருக்கு உள்ளே டிஃபெண்டர் நிக்கக் கூடாது. கடைசி ரெண்டு நிமிஷத்துல இதை மீறினாலும் டெக்னிக்கல் ஃபவுல்தான். பெரிய இண்டோர் ஸ்டேடியத்துல இந்த விதிக்கு வேலையே இருக்காது. நம்ம ஓப்பன் கோர்ட்ல கம்பி வேலியும், கூட்டம் நிக்கற படியும் எங்க இருக்குன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி கேப்டன் ரெஃபரிகிட்ட போய், "சார், இந்தப் பக்கம் ரெண்டு மீட்டர் இல்ல, ஒரு மீட்டர் ரூல் உண்டா?"ன்னு கேட்டுடலாம். அரை நிமிஷ வேலை. டாஸ்ல நிக்கும்போதே முடிஞ்சிடும்.